பிறந்த குழந்தையின் தோலில் கொப்புளங்கள்: நோயின் துல்லியமான பெயரை அறிவது இன்று ஏன் முன்னைவிட முக்கியம்?

பிறந்த சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ குழந்தையின் தோலில் கொப்புளங்கள் தோன்றினால் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. இவ்வாறு தோன்றும் கொப்புளங்களுள் பெரும்பாலானவை மருந்தால் குணமாகும் தொற்றுகளாகவோ தாமாகவே மறையும் மாற்றங்களாகவோ இருக்கின்றன. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும், தோலின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் பிறவியிலேயே குறைபாடுடையதாக அமைந்துவிடுகிறது. லேசான உராய்விலும் தோல் கழன்று கொப்புளமாகும் இந்நோய்த் தொகுதிக்கு எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று பெயர். சுருக்கமாக இது ஈ.பி. எனப்படுகிறது. அமெரிக்க நாட்டின் நோயாளர் பதிவேட்டின்படி, 10 இலட்சம் பிறப்புகளில் ஏறத்தாழ 20 குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கின்றனர்.

ஈ.பி.யின் எந்த வகையானாலும் செய்யத்தக்கது புண்களைப் பராமரிப்பது மட்டுமே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதனால் 'ஈ.பி.' என்ற பொதுப் பெயருடன் நோயறிதல் பல இடங்களில் நின்றுவிட்டது. 2022 முதல் 2025 வரையிலான காலத்தில் மூன்று புதிய சிகிச்சைகள் வெளிநாடுகளில் ஒப்புதல் பெற்றதால் இந்நிலை மாறியுள்ளது. அவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டுமே உரியவை. எனவே, எந்த வகை, எந்த மரபணு என்ற கேள்விக்கான விடை உங்கள் குழந்தையின் பராமரிப்பையும் அடுத்த கருத்தரிப்பையும் வருங்காலச் சிகிச்சை வாய்ப்பையும் ஒருங்கே தீர்மானிக்கிறது. அதே வேளையில், பரிசோதனை முடிவுக்காகப் பராமரிப்பைத் தள்ளிப்போடுதல் கூடாது. இவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லாக் கொப்புளமும் ஈ.பி. அன்று

கொப்புளங்களைக் கண்டதும் மருத்துவர் முதலில் தேடுவது அரிய நோயை அன்று. உடனடி மருந்து தேவைப்படும் நோய்களையே. அவற்றைத் தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து நேரிடலாம் என்பதே காரணம்.

பச்சிளங்குழந்தைகளில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று, கொத்துக் கொத்தான சிறு நீர்க்கொப்புளங்களாகத் தோன்றக்கூடும். குழந்தை சோர்ந்திருத்தல், பால் குடிக்க மறுத்தல், வலிப்பு ஆகியன உடன் வரலாம். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். இதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தை நரம்பு வழியாக உடனே தொடங்க வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் நச்சினால், தோல் சிவந்து, தொட்டால் வலித்து, வெந்நீர் பட்டதுபோல் உரியலாம். இதற்கு ஆன்டிபயாட்டிக் மருந்து உண்டு. தாயிடமிருந்து பரவும் சிபிலிஸ் தொற்றில் உள்ளங்கை, உள்ளங்கால்களில் கொப்புளங்கள் காணப்படலாம். பென்சிலின் மருந்தால் இது குணமாகும். எனவே, கருவுற்றிருந்தபோது தாய்க்குச் செய்யப்பட்ட இரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவர் கேட்டால் தயங்காது காட்டுங்கள்.

தீங்கற்ற காரணங்களும் உண்டு. கருப்பையிலேயே விரல் அல்லது மணிக்கட்டைச் சூப்பியதால் ஓரிரு கொப்புளங்களுடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. அவை சில நாள்களில் ஆறிவிடும். தாய்க்குப் பெம்ஃபிகஸ் போன்ற தோல் நோய் இருந்தால், அவருடைய எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தைக்குத் தற்காலிகக் கொப்புளங்களை உண்டாக்கலாம். இவையும் சில வாரங்களில் மறையும்.

ஈ.பி.யைப் போலவே மரபணுக் காரணம் கொண்ட வேறு நோய்களும் உள்ளன. இன்கான்டினென்ஷியா பிக்மென்டி என்னும் நோயில் கொப்புளங்கள் கை, கால்களில் கோடு கோடாக அமையும். இது பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம் காணப்படுகிறது. இந்நோய் விழித்திரையைப் பாதிக்கக்கூடுமாதலால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எபிடெர்மோலிட்டிக் இக்தியோசிஸ் என்னும் நோயில், பிறக்கும்போது தோல் சிவந்து கொப்புளங்களுடன் இருந்து, பின்னர் தடித்துச் செதிலாக மாறும். தொடக்க நாள்களில் இதை ஈ.பி.யிலிருந்து கண்ணால் மட்டும் பிரித்தறிதல் கடினம்.

கொப்புளம் என்றதும் அதை அம்மை என எண்ணி, வேப்பிலை வைத்து வீட்டிலேயே காத்திருக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உள்ளது. பிறந்து ஒரு மாதம் நிறைவடையாத குழந்தைக்கு எக்காரணத்தால் கொப்புளம் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குழந்தை பால் குடிக்காமலிருத்தல், உடல் சூடாகவோ சில்லென்றோ இருத்தல், மூச்சுவிடும்போது ஒலி எழுதல், அழுகுரல் கம்முதல், குடித்த பால் முழுவதையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, சிறுநீர் குறைதல், தோல் பரவலாக உரிதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் 108 ஆம்புலன்ஸை அழைத்து, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தோலுக்குள் எந்த அடுக்கு பிரிகிறது?

தோலில் மேல்தோல், உட்தோல் என இரு பெரும் அடுக்குகள் உள்ளன. இவற்றுக்கிடையே அடிச்சவ்வு என்னும் மெல்லிய படலம் அமைந்துள்ளது. மேல்தோலைச் சவ்வுடனும், சவ்வை உட்தோலுடனும் பல புரதங்கள் பிணைத்து வைக்கின்றன. இவற்றுள் எந்தப் புரதம் குறைபாடுடையதோ, அதற்கேற்ப வெவ்வேறு மட்டத்தில் தோல் பிரிகிறது. 2020ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட வகைப்பாடு ஈ.பி.யை நான்கு பெரும் வகைகளாகப் பிரிக்கிறது.

சிம்ப்ளெக்ஸ் வகையில் மேல்தோலுக்குள்ளேயே பிளவு நிகழ்கிறது. மிகப் பரவலாகக் காணப்படும் வகை இதுவே. கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகிய புரதங்களுக்கான மரபணுக்களில் ஏற்படும் மாற்றமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஜங்ஷனல் வகையில் அடிச்சவ்வுக்குள்ளேயே பிளவு நிகழ்கிறது. லாமினின் 332, கொலாஜன் 17 போன்ற புரதங்களின் குறைபாட்டால் இது வருகிறது.

டிஸ்ட்ரோஃபிக் வகையில் அடிச்சவ்வுக்குக் கீழே பிளவு நிகழ்கிறது. சவ்வை உட்தோலோடு நங்கூரம்போல் பிணைக்கும் கொலாஜன் 7 என்னும் புரதத்தின் குறைபாடே இதற்குக் காரணம். ஆழமான பிளவு ஆதலால் புண்கள் தழும்புடன் ஆறுகின்றன.

கிண்ட்லர் வகை மிக அரிது. இதில் பிளவு ஒன்றுக்கு மேற்பட்ட மட்டங்களில் நிகழலாம். வெயிலைத் தாங்காத தன்மையும் சேர்ந்திருக்கும்.

இந்நான்கினுள் 30க்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் உள்ளன. குறைந்தது 16 மரபணுக்கள் இவற்றோடு தொடர்புடையவை.

தோற்றத்தைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது

பச்சிளம் பருவத்தில் எல்லா வகைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். பிறக்கும்போதே காலில் ஒரு பகுதித் தோல் இல்லாதிருத்தல், நகங்கள் உதிர்தல், ஆறிய இடத்தில் கடுகளவு வெண்ணிற மணிகள் தோன்றுதல் ஆகிய குறிகள் மருத்துவருக்கு உதவுமேயன்றி முடிவான விடையைத் தருவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் கடுமையும் நோயின் உண்மையான கடுமையும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. சிம்ப்ளெக்ஸின் கடும் பிரிவில் பிறந்த குழந்தையின் உடல் முழுவதும் கொப்புளங்கள் காணப்படலாம். ஆயினும் வயது ஏற ஏற அக்குழந்தைகளில் பலருக்கு நோய் தணிகிறது. மாறாக, ஜங்ஷனலின் கடும் பிரிவில் முதல் வாரங்களில் சில புண்களே இருக்கலாம். ஆயினும் குரல்வளை, சுவாசப்பாதை, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றால் அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இரண்டு வயதைக் கடப்பதில்லை. டிஸ்ட்ரோஃபிக் வகையில் ஓர் உட்பிரிவு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தானாகத் தணிந்துவிடுகிறது. மற்றொரு பிரிவிலோ கைவிரல்கள் ஒட்டிக்கொள்ளுதல், உணவுக்குழாய் சுருங்குதல், இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் தோன்றுதல் ஆகிய இடர்கள் உள்ளன.

எனவே, முதல் நாளிலேயே எவரேனும் "இக்குழந்தை பிழைக்காது" என்றோ "இது சாதாரணமானது" என்றோ கூறினால், அது எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் கூறப்பட்டது எனக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வகை உறுதியாகும்வரை இவ்விரண்டில் எதையும் முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை.

தோலுக்கு அப்பாலும் பார்க்க வேண்டியவை உண்டு என்பது துல்லியமான நோயறிதலின் மற்றொரு பயன். சில மரபணுக்களின் மாற்றத்தால் இரைப்பையின் வாயில் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். பிளெக்டின் என்னும் புரதத்தின் குறைபாட்டில் பிற்காலத்தில் தசைகள் நலிவடையலாம். எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதை மரபணுவின் பெயரே சொல்கிறது.

நோயறிதல் எவ்வாறு நடைபெறுகிறது?

*தோல் திசுப் பரிசோதனை.* தோலின் சிறு பகுதியை மரத்துப்போகச் செய்து, ஒரு துண்டை எடுப்பதே பயாப்சி. ஈ.பி.யில் இதற்கென்று சில விதிகள் உள்ளன. பழைய கொப்புளத்தில் ஆறும் செயல் தொடங்கிவிடுவதால் பிளவின் மட்டம் மாறித் தெரியும். எனவே, மருத்துவர் தோலை மென்மையாகத் தேய்த்துப் புதிதாக உண்டாக்கிய பிளவின் ஓரத்திலிருந்து துண்டை எடுப்பார். வழக்கமான ஃபார்மலின் திரவத்தில் மட்டும் இட்டு அனுப்பினால் இந்நோய்க்குரிய சிறப்புப் பரிசோதனையைச் செய்ய இயலாது; அதற்கென உள்ள வேறு திரவத்தில் துண்டை அனுப்ப வேண்டும். "இந்தத் துண்டு இம்யூனோஃபுளோரசன்ஸ் பரிசோதனைக்கு உரிய திரவத்தில் அனுப்பப்படுகிறதா?" என நீங்கள் கேட்கலாம். இந்த ஒரு கேள்வி, குழந்தைக்கு இரண்டாம் முறை பயாப்சி செய்ய வேண்டிய நிலையைத் தவிர்க்கக்கூடும்.

ஆய்வகத்தில் அடிச்சவ்வின் புரதங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கின்றனர். சவ்வின் கீழ்ப்பகுதியில் உள்ள கொலாஜன் 4 என்னும் புரதம் கொப்புளத்தின் தரைப்பகுதியில் ஒளிர்ந்தால் பிளவு அதற்கு மேலே நிகழ்ந்துள்ளது. அப்போது அது சிம்ப்ளெக்ஸாகவோ ஜங்ஷனலாகவோ இருக்கும். அப்புரதம் கொப்புளத்தின் கூரையில் ஒளிர்ந்தால் பிளவு சவ்வுக்குக் கீழே நிகழ்ந்துள்ளது. அது டிஸ்ட்ரோஃபிக் வகை. சவ்வின் மேற்பகுதியில் உள்ள பிற புரதங்களைப் பார்த்து முதலிரண்டு வகைகளையும் பிரித்தறிகின்றனர். ஏதேனும் ஒரு புரதம் ஒளிராமலேயே இருந்தால் அதற்குரிய மரபணுவின் மீது ஐயம் எழும். இப்பரிசோதனையின் முடிவு பெரும்பாலும் சில நாள்களில் கிடைத்துவிடுவதால், குழந்தையின் நிலை கவலைக்கிடமாக இருக்கும்போது இதன் மதிப்பு மிகுதி. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வசதி உள்ள இடங்களில் அதுவும் துணைபுரியும்.

*மரபணுப் பரிசோதனை.* குழந்தையின் இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஈ.பி. தொடர்பான மரபணுக்கள் அனைத்தையும் ஒருசேரப் படித்துப் பார்க்கின்றனர். தாய், தந்தை இருவரின் இரத்த மாதிரிகளையும் சேர்த்து அனுப்புவது நன்று. கண்டறியப்பட்ட மாற்றம் இருவரிடமிருந்தும் வந்ததா, ஒருவரிடமிருந்து வந்ததா, குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதா என்பது அப்போதுதான் தெளிவாகும். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். குழந்தையின் உடல்நிலை மோசமாக இருந்தால், டி.என்.ஏ. மாதிரியை எடுத்துச் சேமித்து வைக்குமாறு மருத்துவரைக் கேளுங்கள். பின்னாளில் என்ன நேரினும் அந்த மாதிரி குடும்பத்துக்கு விடை தரும்.

அறிக்கை மூன்று விதமாக அமையலாம். நோய்க்குக் காரணமான மாற்றம் உறுதியாகக் கண்டறியப்படலாம். பொருள் உறுதிப்படாத மாற்றம் என்று குறிப்பிடப்படலாம்; இதை நோய் உறுதியானதாகவும் கொள்ளக் கூடாது, நோய் இல்லையெனவும் கொள்ளக் கூடாது. தோல் திசு முடிவுடன் ஒப்பிட்டும் பெற்றோரின் மாதிரிகளைப் பார்த்தும் வல்லுநரே அதற்குப் பொருள் காண வேண்டும். மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்றும் அறிக்கை வரலாம், அதனால் ஈ.பி. இல்லை என்று ஆகிவிடாது. அறிக்கையை இணையத்தில் தேடிப் பொருள் கொள்வதைத் தவிர்த்து, மரபணு ஆலோசகரிடம் நேரில் விளக்கம் பெறுங்கள்.

புதிய சிகிச்சைகள் யாருக்கு உரியவை?

செய்திகளிலும் கைப்பேசித் தகவல்களிலும் 'தோல் நோய்க்கு மரபணு மருந்து' என்று வருபவற்றை வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிர்ச் மரப்பட்டைச் சாற்றிலிருந்து செய்யப்படும் ஃபில்சுவெஸ் என்னும் களிம்பு 2022இல் ஐரோப்பாவிலும் 2023 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இது 6 மாதம் நிறைவடைந்த டிஸ்ட்ரோஃபிக், ஜங்ஷனல் நோயாளர்களுக்கு உரியது. இதன் முதன்மை ஆய்வில், 45 நாள்களுக்குள் முழுமையாக மூடிய புண்களின் விகிதம், களிம்பு பூசியவர்களிடம் சுமார் 41 விழுக்காடு. மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களிடம் சுமார் 29 விழுக்காடு. பயன் உண்டு, ஆனால் அளவானது. மரபணுக் குறைபாட்டை இக்களிம்பு திருத்துவதில்லை.

வைஜுவெக் என்னும் கூழ் வடிவ மருந்து 2023 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோய் உண்டாக்காதவாறு மாற்றியமைக்கப்பட்ட ஹெர்பிஸ் வைரஸ், கொலாஜன் 7 மரபணுவின் சரியான படியைப் புண்ணில் உள்ள உயிரணுக்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. 31 நோயாளர்கள் பங்கேற்ற ஆய்வில், 6ஆம் மாதத்தில் மருந்திட்ட புண்களில் 67 விழுக்காடும், மருந்தில்லாக் கூழிட்ட புண்களில் 22 விழுக்காடும் முழுமையாக ஆறியிருந்தன. வாரந்தோறும் இடவேண்டிய இம்மருந்துக்கு, 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் பிறந்த நாள் முதலே பயன்படுத்தும் வகையில் ஒப்புதல் அளித்தது. இது டிஸ்ட்ரோஃபிக் வகைக்கு மட்டுமே உரியது.

ஸெவாஸ்கின் என்னும் சிகிச்சை 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயாளரின் தோல் உயிரணுக்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, தாள்களாக வளர்த்து, அறுவைச் சிகிச்சை மூலம் ஆறாத புண்களின் மீது ஒட்டுகின்றனர். இது டிஸ்ட்ரோஃபிக் வகையில் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் ஒடுங்கு பிரிவுக்கு மட்டுமே உரியது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படும். மிகப் பரவலான சிம்ப்ளெக்ஸ் வகைக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. ஜங்ஷனல் வகைக்குக் களிம்பு மட்டுமே பொருந்தும். இவை யாவும் புண்ணை ஆற்றும் சிகிச்சைகளேயன்றி நோயை வேரறுப்பவை அல்ல. உணவுக்குழாய், கண், குரல்வளை ஆகியவற்றின் பாதிப்பை இவற்றின் ஒப்புதல் உள்ளடக்கவில்லை. விலையும் சாதாரணக் குடும்பத்தின் எட்டுக்கு மிகவும் அப்பாற்பட்டது. வகையே உறுதிப்படாத குழந்தைக்கு 'மரபணு மருந்து தருகிறோம்' என்று எவரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

இந்தியாவில் உள்ள வழிகள்

மைய அரசு 2021 மார்ச் மாதத்தில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. இதன்படி உயர்சிறப்பு மையங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம், பெங்களூரு மனித மரபியல் மையம், ஐதராபாத்தில் உள்ள டி.என்.ஏ. கைரேகையியல் மற்றும் நோயறிதல் மையம் ஆகியன அவற்றுள் சில. 2022 மே மாதத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கொள்கையின் கீழ் வரும் நோயாளருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம். இத்தொகை குடும்பத்தின் கையில் தரப்படுவதில்லை. சிகிச்சை அளிக்கும் உயர்சிறப்பு மையத்துக்கே வழங்கப்படுகிறது. அரசின் பட்டியலில் உள்ள நோய்களுக்கே இவ்வுதவி உரியது. பட்டியலும் அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஆகவே, உங்கள் குழந்தையின் வகை அதில் அடங்குமா என்பதை மையத்திலேயே கேட்டறியுங்கள். வகையை உறுதிப்படுத்தும் அறிக்கை இல்லாமல் இக்கேள்விக்கு அவர்களாலும் விடையளிக்க இயலாது.

மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் தொடங்கிய உம்மித் திட்டத்தின் கீழ், சில அரசு மருத்துவமனைகளில் நிதான் கேந்திரங்கள் என்னும் மரபணு நோயறி மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் இவற்றில் கிடைக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்தோ பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் அலைச்சல் குறையும்.

'யார் வழியில் வந்தது?' என்ற கேள்வி

குழந்தைக்கு அரிய நோய் எனத் தெரிந்ததும், பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுவே. பெரும்பாலும் பழி தாயின் மீதே விழுகிறது. கருவுற்றிருந்தபோது உண்ட உணவோ, கிரகணமோ, செய்த வேலையோ ஈ.பி.யை உண்டாக்குவதில்லை.

ஒடுங்கு வகையில், தாய், தந்தை இருவரும் ஆளுக்கொரு மாறிய மரபணுப் படியைத் தமக்கே தெரியாமல் தாங்கியிருப்பர். இருவருக்கும் நோய் இராது. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஓங்கு வகையில், பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருக்கும். வாய்ப்பு இரண்டில் ஒன்று. சில குழந்தைகளிடம் மாற்றம் புதிதாகத் தோன்றியிருக்கும். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு அப்போது மிகக் குறைவு, எனினும் முற்றிலும் இல்லையெனக் கூற இயலாது.

தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கு நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுமுறையில் நிகழ்ந்தவை. ஒரே முன்னோரிடமிருந்து ஒரே மாற்றத்தை இருவரும் பெற்றிருக்கும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுதலாதலால், ஒடுங்கு வகை நோய்கள் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. மருத்துவர் உறவுமுறையைக் கேட்பது வகையைக் கணிப்பதற்காகவே, மறைக்காமல் கூறுங்கள்.

அடுத்த குழந்தையைத் திட்டமிடுவோர் கருவுறுவதற்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நன்று. குடும்பத்தில் உள்ள மாற்றம் உறுதியாகத் தெரிந்திருந்தால், கருவின் 11 முதல் 14 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் அதைச் சோதிக்க இயலும். அல்லது பின்னர் பனிக்குட நீரில் சோதிக்கலாம். வழக்கமான ஸ்கேனில் ஈ.பி. பெரும்பாலும் தெரிவதில்லை. இச்சோதனைகள் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே செய்யப்பட வேண்டும். முதல் குழந்தையின் மரபணு அறிக்கை இல்லையெனில் இந்த வழி அடைபட்டுவிடும்.

முடிவு வரும்வரை குழந்தையைப் பேணுதல்

ஈ.பி. என்ற ஐயம் எழுந்தவுடனேயே, வகை தெரியாத நிலையிலும், பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள். மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் இவற்றை எடுத்துக் கூறுங்கள்.

- ஒட்டும் பிளாஸ்திரி எதையும் தோலில் ஒட்டவிடக் கூடாது. புண்களுக்கு ஒட்டாத சிலிகோன் கட்டுத்துணியே ஏற்றது. தவறி ஒட்டிவிட்டால் இழுக்காமல், மருத்துவர் கூறும் முறையில் நனைத்து எடுக்க வேண்டும்.
- அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். மெத்தென்ற துணி விரிப்பின் மேல் கிடத்தி, விரிப்போடு சேர்த்து ஏந்துங்கள்.
- அரைஞாண் கயிறு, காப்பு, கொலுசு, வளையல், கையில் கட்டும் அடையாளப் பட்டை ஆகியவற்றை அகற்றுங்கள்.
- எண்ணெய் தேய்த்து உருவிக் குளிப்பாட்டுதல், துணியால் அழுத்தித் துடைத்தல், மூக்கையும் தலையையும் பிடித்துவிடுதல் ஆகியவற்றை முற்றிலும் தவிர்த்திடுங்கள்.
- ஆடையின் தையல் வெளிப்புறம் இருக்குமாறு திருப்பி அணிவியுங்கள். டயப்பரின் ஓரத்தில் மென்துணி வையுங்கள்.
- பெருகும் கொப்புளத்தின் நீரை, செவிலியரிடம் பயிற்சி பெற்ற பின், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் துளையிட்டு வடியுங்கள். மேற்தோலை உரித்தெடுக்கக் கூடாது. அதுவே இயற்கையான கட்டு.
- மஞ்சள், வேப்பிலை அரைப்பு, சாம்பல், பற்பசை எதையும் புண்ணில் இடாதீர்கள்.
- தாய்ப்பாலைத் தொடருங்கள். வாயில் புண் இருந்தால், பாலைப் பீய்ச்சி மென்மையான காம்பு கொண்ட புட்டியிலோ பாலாடையிலோ புகட்டும் முறையைக் கேட்டறியுங்கள். எடையை வாரந்தோறும் பதிவு செய்யுங்கள்.
- தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை. ஊசியிடும் செவிலியரிடம், தேய்க்காமலும் பிளாஸ்திரி ஒட்டாமலும் இடுமாறு முன்கூட்டியே சொல்லுங்கள்.

குழந்தையை மடியில் ஏந்தவும் கொஞ்சவும் தயங்க வேண்டா. தோலுக்கு ஊறு செய்வது உராய்வும் இழுப்புமே; மென்மையான தொடுதல் அன்று. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அண்ணன், அக்காவைப் பிரித்து வைக்கத் தேவையில்லை.

மருத்துவரைச் சந்திக்கும்போது

முதல் கொப்புளம் தோன்றிய நாள், நாள்தோறும் எடுத்த ஒளிப்படங்கள், தாயின் கருக்காலப் பரிசோதனை அறிக்கைகள், மூன்று தலைமுறை உறவுமுறைக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பின்வரும் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்:

1. தொற்று நோய்கள் இல்லையென உறுதி செய்யப்பட்டுவிட்டதா?
2. தோல் திசுவில் பிளவு எந்த மட்டத்தில் காணப்பட்டது?
3. எந்த மரபணுவில் மாற்றம் உள்ளது? அது ஒடுங்கு வகையா, ஓங்கு வகையா?
4. தோலைத் தவிர எந்த உறுப்புகளைக் கண்காணிக்க வேண்டும்?
5. எந்த உயர்சிறப்பு மையத்துக்குப் பரிந்துரைக்கிறீர்கள்?

அறிக்கைகளின் மூலப்படிகளை நீங்களே வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் மருத்துவமனையில் கொடுங்கள். இன்று பொருந்தும் மருந்து ஒன்றும் இல்லையென்று கூறப்பட்டாலும், சில ஆண்டுகள் கழித்துப் புதிய சிகிச்சையொன்று வரும்போது மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த அறிக்கையையே.